தாயகம் யாருடையது? கொங்கின் தொன்மைக் கோரிக்கையும் ருமேனிய விவாதமும்

1. கேள்வி

2021 ஜூலையில் ஒன்றிய அமைச்சரவை விரிவாக்கப்பட்டது. அப்போது இணை அமைச்சராகப் பதவியேற்ற எல். முருகனைப் பற்றிய அதிகாரப்பூர்வக் குறிப்பில் அவருடைய ஊர் இருக்கும் இடம் 'கொங்குநாடு, தமிழ்நாடு' என்று இருந்தது. அடுத்த சில வாரங்கள் கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் வேறு பேச்சே இல்லை. தனி மாநிலம் வேண்டும் என்றனர் ஒரு சாரார். தமிழகத்தைப் பிளக்கும் சதி என்றனர் மறு சாரார். இந்தச் சத்தத்தில் முக்கியமான ஒரு கேள்வி கவனிக்கப்படாமல் போயிற்று. கொங்கு நிலத்தைத் தம் தாயகம் என்று சொல்லும் உரிமை யாருக்கு, எந்தச் சான்றின் பேரில்? ஆதியிலிருந்தே இருந்தவர்களுக்கா, பின்னால் வந்து காட்டைத் திருத்தியவர்களுக்கா, அவர்களுக்கும் பின்னால் வந்து உழைத்தவர்களுக்கா?

இக்கட்டுரை கொங்கின் அரசியல் எல்லை குறித்ததன்று. ஒரு மக்கள் கூட்டத்தின் பூர்விகத்தை நிறுவ என்னென்ன சான்றுகள் கையாளப்படுகின்றன, அவை எவ்வளவு பாரம் தாங்கும் என்பதே இங்கு ஆராயப்படுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க ருமேனிய மக்களின் தாயகம் பற்றிய விவாதத்தை எடுத்துக்கொள்கிறேன். ஐரோப்பிய வரலாற்றெழுத்தில் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தீராத வழக்கு அது. கொங்கில் நாம் இன்று வைக்கும் வாதங்களில் பெரும்பாலானவற்றை அங்கே ஏற்கெனவே வைத்து, வெட்டி, ஒட்டிப் பார்த்துவிட்டார்கள்.

2. கார்ப்பாத்திய மலையடியில்

ருமேனியாவின் பரப்பு 2,38,397 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு நிலம். மக்கள்தொகையோ 2021 கணக்கெடுப்பின்படி சுமார் 1.9 கோடிதான். நடுவே வளைந்து கிடக்கும் கார்ப்பாத்திய மலைத்தொடர், தெற்கெல்லையில் டான்யூப் ஆறு, கிழக்கே கருங்கடல். வலாக்கியா, மால்டேவியா, ட்ரான்சில்வேனியா என்ற மூன்று வரலாற்று நிலங்கள் சேர்ந்தது இன்றைய நாடு. முதல் இரண்டும் 1859இல் ஒரே ஆட்சியாளரின் கீழ் இணைந்தன. அதுவரை ஹங்கேரியோடு இருந்த ட்ரான்சில்வேனியா 1918 டிசம்பர் 1 அன்று ருமேனியாவோடு சேர்வதாக அறிவித்தது. 1920இன் ட்ரியானோன் உடன்படிக்கை அதை உறுதி செய்தது.

சுற்றிலும் ஸ்லாவிய மொழிகளும் ஹங்கேரிய மொழியும் பேசப்பட, ருமேனியர் மட்டும் லத்தீனிலிருந்து பிறந்த மொழியைப் பேசுகிறார்கள். இந்த மொழித் தீவு எப்படி உண்டானது என்பதுதான் வழக்கின் மையம். ரோமப் பேரரசன் டிராஜன் இரண்டு போர்களுக்குப் பின் கி.பி. 106இல் டேசிய மன்னன் டெசிபாலஸை வீழ்த்தி அந்நிலத்தை ரோம மாகாணமாக்கினான். 113இல் ரோமில் நிறுவப்பட்ட டிராஜன் தூணில் அந்தப் போர்கள் சுருள் சுருளாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஆனால் மாகாணம் நீடித்தது ஏறக்குறைய 165 ஆண்டுகள்தான். 270களில் பேரரசன் ஆரேலியன் படைகளை டான்யூபுக்குத் தெற்கே விலக்கிக்கொண்டான். நகரங்களிலும் வயல்களிலும் இருந்த ரோமானியரையும் உடன் அழைத்துச் சென்றான் என்று நான்காம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யூட்ரோப்பியஸ் எழுதியிருக்கிறார்.

இங்கிருந்து வழி இரண்டாகப் பிரிகிறது. படையும் அதிகாரிகளும் போயிருக்கலாம், உழவரும் இடையரும் மலைகளில் தங்கி லத்தீனைக் காத்தார்கள் என்கிறது தொடர்ச்சிக் கோட்பாடு. பதினெட்டாம் நூற்றாண்டின் ட்ரான்சில்வேனியப் பள்ளி அறிஞர்களான சாமுயில் மிக்கு, கியோர்கே ஷின்காய், பெட்ரு மையோர் ஆகியோர் இதற்கு வடிவம் தந்தனர். அன்று ட்ரான்சில்வேனியாவில் ருமேனியருக்கு அரசியல் உரிமை இல்லை. 1791இல் பேரரசர் இரண்டாம் லியோபோல்டிடம் அவர்கள் அளித்த மனு, இந்நிலத்தின் மிகப் பழைய குடிகள் தாங்களே என்ற வாதத்தின் மேல் உரிமை கேட்டது. மனு ஏற்கப்படவில்லை.

எதிர்த்தரப்பு குடியேற்றக் கோட்பாடு. 1871இல் ராபர்ட் ரோஸ்லர் எழுதிய நூல் இதன் முதன்மையான வடிவம். ருமேனியர் டான்யூபுக்குத் தெற்கே உருவாகி, இடைக்காலத்தில்தான் ஆட்டு மந்தைகளோடு வடக்கே ஏறினார்கள் என்பது அதன் சாரம். ருமேனிய மொழிக்கும் அல்பேனிய மொழிக்கும் பொதுவான பழஞ்சொற்கள், கோத்தியர் போன்ற ஜெர்மானியக் குடிகளிடமிருந்து கடன் வாங்கிய சொற்கள் ஏறக்குறைய இல்லாமை, ருமேனியரின் முன்னோராகக் கருதப்படும் விளாக்கியரைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு 976ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்றில், அதுவும் டான்யூபுக்கு வெகு தெற்கே கிடைப்பது, ட்ரான்சில்வேனிய ஆவணங்களில் அவர்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தென்படுவது ஆகியவை இதன் சான்றுகள்.

இரண்டு கோட்பாடுகளும் அறிவுத் தேடலாக மட்டும் பிறக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஒன்று உரிமை கேட்டவர்களுக்கும் மற்றது உரிமை மறுத்தவர்களுக்கும் கைகொடுத்தது. 1980இல் ருமேனியாவை ஆண்ட சௌஷெஸ்குவின் அரசு டேசிய மன்னன் புரெபிஸ்தாவின் அரசுக்கு 2,050ஆம் ஆண்டு விழா எடுத்தபோது தொன்மை என்பது முழுக்க ஆட்சியின் அலங்காரமாகிவிட்டது. இன்றைய ஆய்வாளர்களில் பலர் நடுவழியில் நிற்கிறார்கள். மக்கள் உருவாக்கம் ஆற்றின் இரு கரைகளிலும் நடந்தது. இடையர் கூட்டங்கள் நூற்றாண்டுக் கணக்கில் இங்குமங்கும் நகர்ந்தன. தங்கியவர்களும் உண்டு, வந்தவர்களும் உண்டு என்பது அவர்கள் நிலை. ரோமாட்சி பெரும்பாலும் எட்டாத மால்டேவியாவிலும் ருமேனிய மொழியே பேசப்படுவது இதற்குப் பொருந்துகிறது. மொழி அங்கே நடந்துதான் போயிருக்க வேண்டும்.

3. கொங்கின் எல்லையும் எழுத்தும்

வடக்கே பெரும்பாலை, தெற்கே பழனி சார்ந்த வைகாவூர், மேற்கே வெள்ளி மலை, கிழக்கே குளித்தலை. கொங்கின் எல்லையாகப் பழம்பாடலொன்று தரும் நான்கு முனைகள் இவை. இந்த வட்டத்துக்குள் கொங்கின் 24 நாடுகள் அடங்கும் என்பது மரபு. கார்மேகக் கவிஞரின் கொங்கு மண்டல சதகம் இந்நிலத்தின் பெருமைகளைத் தொகுத்துச் சொல்லும் நூல். அதைத் திருச்செங்கோடு முத்துசாமிக் கோனார் 1923இல் பதிப்பித்தார். அவருக்குப் பின் கோவைகிழார் என்று அறியப்பட்ட சி.எம். இராமச்சந்திரன் செட்டியார், 1956இல் கொங்கு பற்றி ஆங்கிலத்தில் நூல் தந்த மு. ஆரோக்கியசாமி, மயிலை சீனி. வேங்கடசாமி, கல்வெட்டறிஞர் புலவர் செ. இராசு, வெ. மாணிக்கம் என்று ஒரு நீண்ட வரிசை உழைத்திருக்கிறது. இவர்கள் இல்லாவிட்டால் கொங்கைப் பற்றி இன்று பேசப் பொருளே இராது.

ஆனால் இவ்வரிசையின் பெரும்பகுதி அரச மரபுகளின் வரலாறு. சேரர், கங்கர், சோழர், கொங்குச் சோழர், பாண்டியர், ஒய்சாளர், விசயநகரத்தார், மதுரை நாயக்கர், மைசூரார், 1799க்குப் பின் ஆங்கிலேயர் என்று ஆண்டவர்கள் மாறிக்கொண்டே இருந்தனர். சோழராட்சியில் இந்நிலம் அதிராசராச மண்டலம் என்றும் வீரசோழ மண்டலம் என்றும் பெயர் மாற்றப்பட்டது. 1804இல் கோயம்புத்தூர் மாவட்டம் ஒன்றாக அமைந்தது. அதிலிருந்து 1979இல் ஈரோடு பிரிந்தது. இரண்டிலிருந்தும் 2009இல் திருப்பூர் உருவானது. எந்த அரசும் கொங்கை முழுமையாக, நெடுங்காலம், ஒரே எல்லையில் வைத்திருக்கவில்லை. அப்படியிருந்தும் கொங்கு என்ற உணர்வு நின்றது. ஆகவே அதை நிறுத்தியது அரசன்று என்பதுவரை துணிந்து சொல்லலாம்.

4. மண்ணுக்குள் கிடைத்தவை

சூலூரில் பெருங்கற்கால ஈமக்குழிகள் இருந்தன. அங்கு கிடைத்த பொருள்களில் ஒரு மண் தட்டு இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. தட்டின் மேல் சில கீறல் குறிகள். 2007இல் ஐராவதம் மகாதேவன் அக்குறிகளை ஹரப்பாவில் கிடைத்த ஒரு சிறு பலகையின் எழுத்துகளோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் வியக்கத்தக்க ஒற்றுமை இருப்பதாகக் கட்டுரை எழுதினார். செய்தி வந்ததும் சூலூர்க்காரர்களுக்கு ஏற்பட்ட பெருமிதம் இயல்பானது. எனக்கும் அது இருந்தது. ஆயினும் தட்டின் காலம் கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியது. ஹரப்பா நகரங்கள் தளர்ந்தது கி.மு. 1900 வாக்கில். இடையே இரண்டாயிரம் ஆண்டுகளுக்குச் சற்றே குறைந்த இடைவெளி. குறிகள் அவ்வளவு காலம் பிழைத்திருக்கலாம். ஆனால் குறி பிழைத்ததிலிருந்து, அதைக் கீறியவரின் முப்பாட்டன் எங்கிருந்து வந்தான் என்று சொல்ல முடியாது. மகாதேவனின் ஒப்பீடு மொழி ஆய்வுக்கான தடயம். குடி வழிக்கான பட்டா அன்று.

அதே சூலூர் ஈமக்குழிப் பொருள்களோடு மத்திய இந்தியாவின் ஏரண் வகை நாணயம் ஒன்றும் கிடைத்தது. இன்றைய மத்தியப் பிரதேசத்தின் சாகர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர் ஏரண். அங்கு அச்சான காசு நொய்யல் கரையில் ஒருவருடைய சவக்குழிக்குள் போயிருக்கிறது. புதைக்கப்பட்டவர் வடக்கிலிருந்து வந்தவரா, வடக்கோடு வணிகம் செய்த உள்ளூர்க்காரரா? காசைப் பார்த்து விடை சொல்ல இயலாது.

நொய்யல் வழியே கிழக்கே போனால் கொடுமணல். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் சார்பில் எ. சுப்பராயலு, கா. ராஜன் ஆகியோர் பங்கேற்ற அகழாய்வுகள் இங்கு நடந்தன. பதிற்றுப்பத்து அணிகலனுக்குப் புகழ்ந்த கொடுமணம் இதுவே என்பது அறிஞர்களின் ஏற்பு. பச்சைக்கல், படிகம், சூதுபவளம் ஆகியவற்றில் மணி செய்த பட்டறைகள், இரும்பும் எஃகும் உருக்கிய உலைகள், தமிழி எழுத்துப் பொறித்த நூற்றுக்கணக்கான பானை ஓடுகள் வெளிப்பட்டன. பச்சைக்கல் அருகிலிருக்கும் படியூரில் தோண்டப்பட்டது. சூதுபவளத்தின் மூலக்கல்லோ வடமேற்கு இந்தியாவிலிருந்து வர வேண்டும். ஓடுகளில் கண்ணன் ஆதன் என்ற தமிழ்ப் பெயரும் இருக்கிறது, பிராகிருதச் சாயல் கொண்ட சம்பன் சுமணன் என்ற பெயரும் இருக்கிறது. வணிகக் குழுவைக் குறிக்கும் நிகம என்ற சொல்லும் கிடைத்திருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கொங்கின் பெரிய தொழில் ஊரில் வேற்று மொழிப் பெயர் தாங்கியவர்கள் பானையில் பெயர் கீறி வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். கொங்கின் பூர்விகம் பற்றிய பேச்சில் இந்த ஓடுகளுக்கு உரிய இடம் கொடுக்கப்படவில்லை என்பது என் கருத்து.

வெள்ளலூர்ப் புதையல் இன்னொரு பாடம். 1842இல் அங்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோம வெள்ளிக்காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. பின்னரும் அவ்வூரில் புதையல்கள் வெளிப்பட்டன. பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய பேரரசர்களின் முகம் பொறித்தவை. டைபீரியஸ் இறந்தது கி.பி. 37இல். அதாவது டேசியா ரோமின் மாகாணமாவதற்கு ஏறக்குறைய ஏழு பத்தாண்டுகளுக்கு முன்பே முத்திரையிடப்பட்ட காசுகள் இவை. டேசியாவிலும் படையெடுப்புக்கு முன்பே ரோமக் குடியரசுக் காலக் காசுகள் பெருமளவில் புழங்கின. இரு நிலங்களுக்கும் ரோமின் வெள்ளி முதலில் வணிகமாக வந்தது. ஒன்றில் பிற்பாடு படை வந்தது, குடியேற்றம் வந்தது, மொழி வந்தது. மற்றதில் காசு மட்டும் வந்து மண்ணுக்குள் போயிற்று. புதையலை வைத்து மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. பொருள் தனியாகவும் பயணம் செய்யும். மக்களின் பயணத்துக்கு அதைச் சாட்சியாக நிறுத்தும் முன் யோசிக்க வேண்டும்.

5. பெயர்களின் சாட்சியம்

தொடர்ச்சியை நிறுவ இரு நாட்டாரும் நம்பியிருக்கும் இன்னொரு சான்று பெயர்கள். ஓல்ட், முரேஷ், சோமேஷ் போன்ற ருமேனிய ஆறுகளின் பெயர்கள் ரோமருக்கும் முந்தியவை. பெயர் பிழைத்ததால் அதைச் சொல்லிய மக்களும் இடையறாது இருந்தார்கள் என்பது தொடர்ச்சியாளர் வாதம். இடையில் வந்த ஸ்லாவியரும் ஹங்கேரியரும் அப்பெயர்களைக் கைமாற்றியிருக்கலாம் என்பது மறுப்பு.

நம் ஆறுகளைப் பாருங்கள். ஆன்பொருநை அமராவதி ஆகிவிட்டது. பேரூர்த் தலபுராணம் பேசும் காஞ்சி நதி நொய்யல் ஆகிவிட்டது. ஆறுகள் பெயர் மாறியதால் மக்களும் மாறிவிட்டார்கள் என்று இங்கு எவரும் சொல்வதில்லை. அப்படியானால் அங்கே பெயர் மாறாததால் மக்கள் மாறவில்லை என்ற வாதமும் அதே அளவு பலவீனமானதுதான்.

கொங்கில் ஆற்றின் இடத்தைக் குலப்பெயர் எடுத்துக்கொள்கிறது. கொங்கு வேளாளரில் அந்துவன் குலத்தார் சங்ககால அந்துவஞ்சேரல் இரும்பொறையை நினைவூட்டுவர். சாத்தந்தை குலத்தார் புறநானூற்றுப் புலவர் சாத்தந்தையாரை. இடைக்காலக் கொங்குக் கல்வெட்டுகளில் கொடையாளிகள் தம்மை இன்ன குலத்தவர் என்றே குறித்துக்கொள்கிறார்கள். பையர், சாத்தந்தை போன்ற பெயர்களை அங்கே காணலாம். எனவே எண்ணூறு ஆண்டுக்காலம் குலப்பெயர் நிலைத்திருப்பது ஐயமற்றது, தமிழகத்தில் அரிதானதும்கூட. அதற்கும் முன்னே, சங்ககாலம்வரை பாலம் போடுவதற்குத்தான் சான்று போதவில்லை. பழம்பெயரைப் புதுக்குடி ஏற்பதும் புதுப்பெயரைப் பழங்குடி ஏற்பதும் உலகெங்கும் நடந்திருக்கிறது.

6. பேசாத நூற்றாண்டுகள்

ருமேனிய வழக்கு தீராததற்கு முதற்காரணம் ஆரேலியன் விலகிய பின் எழுநூறு, எண்ணூறு ஆண்டுகள் எழுத்து மூலங்கள் ஏறக்குறைய மௌனமாக இருப்பது. மௌனத்தைத் தங்கியதன் அடையாளமாக ஒரு தரப்பும், இல்லாமையின் அடையாளமாக மறு தரப்பும் வாசிக்கின்றன.

கொங்கிலும் இத்தகைய இடைவெளி உண்டு. புகழூர் ஆறுநாட்டான் மலையின் தமிழிக் கல்வெட்டு சேர மன்னர் மூன்று தலைமுறையைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஈரோட்டருகே அரச்சலூரில் ஆடலுக்கோ இசைக்கோ உரிய ஒலிக்கட்டுகள் பாறையில் வெட்டப்பட்டுள்ளன. அதன் காலத்தை அறிஞர்கள் இரண்டாம் நூற்றாண்டு முதல் நான்காம் நூற்றாண்டு வரை பலவாறாகக் கணிக்கின்றனர். அதன்பின் சில நூற்றாண்டுகளுக்கு ஒளி மிக மங்கல். 870ஆம் ஆண்டின் ஐவர்மலைக் கல்வெட்டு, வரகுண பாண்டியன் 862இல் முடிசூடினான் என்று கணக்கிட உதவும் அந்த அருமையான கல்வெட்டு, வரும்போதுதான் நமக்கு மீண்டும் ஆண்டுக்கணக்கு கைவருகிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சோழர் நுழைந்த பிறகு கல்வெட்டுகள் பெருகுகின்றன.

நடுவிலிருக்கும் வெற்றிடத்தை நிரப்ப மெக்கன்சி சேகரித்த 'கொங்குதேச ராஜாக்கள்' என்ற சுவடியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர்கள் பெரிதும் நம்பினர். கங்க மன்னர் வரிசையை அதை வைத்தே கட்டினர். கல்வெட்டுகளும் செப்பேடுகளும் வெளிவந்த பின் அதன் காலக்கணக்கு பல இடங்களில் நிற்கவில்லை. பிற்காலத்தில் எழுதப்பட்ட நினைவு அது; நினைவுக்குரிய மதிப்பு அதற்கு உண்டு, நாட்குறிப்புக்குரிய மதிப்பு இல்லை.

7. குடியேற்றக் கதைகள் சொல்வது

வெற்றிடத்துக்கு அப்பால் நிற்பவை குடியேற்றக் கதைகள். கோவைகிழார் பதிப்பித்த 'சோழன் பூர்வ பட்டயம்' சோழ மன்னன் கொங்கின் காட்டை வெட்டி, கோயில்கள் எடுத்து, ஊர்கள் அமைத்துக் குடிகளை இருத்தியதைச் சொல்கிறது. சோழன் மகளைச் சேரன் மணந்தபோது சீர்வரிசையோடு வேளாளர் குடும்பங்களும் வந்தன என்பது வாய்மொழி மரபு. அண்ணன்மார் கதையில் பொன்னர், சங்கரின் முன்னோர் பிற நிலத்திலிருந்து வந்து, சோழனிடம் காணி பெற்று, காடு திருத்துகிறார்கள். எதிரே நிற்பவர்கள் வேட்டுவர். பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் 1960களில் காங்கயம் பகுதியில் தங்கி இக்கதையைப் பாடகர் வாயிலாகப் பதிவு செய்தார். 1972இல் வந்த அவருடைய நூல் கொங்குச் சமூகத்தின் வலங்கை, இடங்கை அமைப்பை விரிவாக ஆராய்ந்தது.

இக்கதைகளில் நான் முக்கியமாகக் கருதும் கூறு வேறு. தொன்மை கோருகிறவர்களே பாடும் கதை, 'நாங்கள் வந்தவர்கள்' என்று வெளிப்படையாகச் சொல்கிறது. வீரப்பூரில் ஆண்டுதோறும் விழா எடுத்துக் கொண்டாடப்படும் அந்தக் கதையின் நாயகர்கள், நிலத்தை முதலில் கண்டவர்கள் என்பதற்காகப் போற்றப்படுவதில்லை. காட்டைத் திருத்தியதற்காகவும், சொன்ன சொல்லுக்கு நின்றதற்காகவும், மடிந்ததற்காகவும் போற்றப்படுகிறார்கள். காடு வெறுமையாகவும் இல்லை. அங்கே வேட்டுவர் இருந்தார்கள், அவர்களோடு மோத வேண்டியிருந்தது என்பதையும் கதை மறைக்கவில்லை. 'ஆதிமுதல் நாங்களே' என்ற இன்றைய மேடைப்பேச்சை விட நம் பாட்டிகள் இரவு முழுக்க உட்கார்ந்து கேட்ட கதை நேர்மையானது.

இதற்கு மாறாகக் கதைகளை அப்படியே நம்பி, கொங்கு வேளாளர் அனைவரும் சோழ நாட்டிலிருந்து ஒரே நாளில் வந்திறங்கியவர்கள் என்று முடிவு கட்டுவதும் பிழை. சங்கப் பாடல்கள் கொங்கரை இந்நிலத்தின் மக்களாகத் தெளிவாகக் காட்டுகின்றன. வந்தவர்கள் அவர்களோடு கலந்திருப்பார்கள்; அவர்களும் காலப்போக்கில் உழவராகியிருப்பார்கள். ருமேனிய ஆய்வு நெடுங்காலம் அலைந்து வந்து சேர்ந்த இடம் இதுவே. கொங்கிலும் இதைத் தவிர வேறு முடிவுக்குச் சான்றுகள் இடம் கொடுப்பதாகத் தெரியவில்லை.

8. கிணறும் கொறங்காடும்

குடிவழித் தொடர்ச்சி ஐயத்துக்குரியது என்றால் எது தொடர்ந்தது? பதிற்றுப்பத்தின் மூன்றாம் பத்தில் பாலைக் கௌதமனார் பல்யானைச் செல்கெழு குட்டுவனைப் பாடுகையில், அவன் கைப்பற்றிய கொங்கர் நாட்டைச் சித்திரிக்கிறார். வன்னிலத்தைக் கணிச்சியால் உடைத்துத் தோண்டிய கிணறு, கயிறு கட்டி இறைக்கும் சிறு முகவை, நீரூற்றும் பத்தல், அதைச் சூழ்ந்து நெருக்கும் மாடுகள். போர்ப் பாட்டுக்குள் வரும் இந்தச் சில அடிகள் கொங்கைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய வாழ்க்கைச் சித்திரங்களில் ஒன்று.

ஆண்டுக்கு 600 முதல் 700 மில்லிமீட்டர் வரையே மழை பெறும் நிலம் இது. பாறையைக் குடையாமல் தோட்டம் இல்லை. கிணற்றுப் பாசனம் உள்ள நிலத்தைத் தோட்டம் என்றும் மானாவாரியைக் காடு என்றும் இன்றும் பிரித்துச் சொல்கிறோம். 1800இல் இவ்வழியே பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் கிணற்றுத் தோட்டங்களையும் மாடு பூட்டி இறைப்பதையும் குறித்து வைத்தார். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து மோட்டார் பொருத்தப்படும்வரை கவலை என்னும் ஏற்றம்தான். இரண்டு எருதுகள் சரிவில் இறங்கும்போது வடம் இழுபட்டுத் தோல்சால் மேலேறும். வாய்க்காலில் நீர் கொட்டும். எருதுகள் பின்னோக்கி நடந்து மேடேறும். விடியலுக்கு முன் தொடங்கி வெயில் ஏறும்வரை இது நடக்கும்.

காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடு இன்னொரு தொடர்ச்சி. சில ஏக்கர் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிக் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். காலையில் மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் மேய்ப்பவர் தேவையில்லை. கோடையில் புல் காய்ந்தாலும் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்குத் தீனியாகும். காங்கயம் காளையின் இனத்தூய்மை இந்த வேலிக்குள்தான் காக்கப்பட்டது. கார்ப்பாத்தியச் சரிவுகளில் ருமேனிய இடையர்கள் பருவத்துக்கேற்ப மந்தையை மேலும் கீழும் ஓட்டுவார்கள். அந்த நகர்வே அவர்கள் தாயகத்தின் எல்லையை அழித்து அழித்து எழுதியது. நம்முடைய மேய்ச்சல் வேலிக்குள் நின்றது, அதனால் இங்கே எல்லை உறைந்தது.

நீரும் அப்படியே. நொய்யலில் அணைகளும் அவை ஊட்டும் குளங்களும் சங்கிலிபோல் தொடர்கின்றன. சூலூரின் பெரிய குளமும் சின்னக் குளமும் அதைச் சேர்ந்தவை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கொங்குச் சோழன் வீரராசேந்திரன் காலத்துப் பேரூர்க் கல்வெட்டு, தேவிசிறை என்ற அணையைக் கட்ட இசைவு தருகையில் கோளூர் அணைக்குக் கேடு வராதபடி கட்ட வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஆற்றின் ஒவ்வோர் அணைக்கும் முன்னுரிமை இருந்தது. அரசனும் அதை மீறவில்லை. கொங்கின் தொடர்ச்சிக்கு என்னிடம் சான்று கேட்டால் குலப்பட்டியலுக்கு முன்னே இந்தக் கல்வெட்டைத்தான் காட்டுவேன்.

9. கணக்கில் வராதவர்கள்

கவலை ஓடத் தோல்சால் வேண்டும். அதைத் தைத்தவர்கள் அருந்ததியர். வடம், சால், செருப்பு என்று கிணற்றுப் பாசனத்தின் தோல்வேலை முழுவதும் அவர்கள் கையில் இருந்தது. பண்ணையாள்களாகத் தோட்ட வேலையும் அவர்கள் தலையில் இருந்தது. பெரும்பாலோர் வீட்டில் தெலுங்கும் சிலர் கன்னடமும் பேசுவார்கள். இதைச் சுட்டி, விசயநகரத்தார் காலத்தில் வந்தவர்கள் என்று அவர்களை ஒதுக்கிப் பேசும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல் மேடையில் அப்படியொரு பேச்சு எழுந்து கடும் கண்டனத்துக்கு உள்ளானது. 2009இல் தமிழக அரசு அவர்களுக்கு அளித்த 3 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை எதிர்ப்பவர்கள் சிலரும் இதே கருவியை எடுக்கிறார்கள்.

வந்த காலத்தை வைத்து உரிமை அளக்கும் இந்த அளவுகோலை ஒப்புக்கொண்டால், வெள்ளியங்கிரி, ஆனைமலை அடிவாரங்களின் இருளருக்கும் மலசருக்கும்தான் முதல் உரிமை. அவர்களோ 2006இன் வன உரிமைச் சட்டத்துக்குப் பின்னும் தாம் பயன்படுத்தும் நிலத்துக்கு உரிமைப் பத்திரம் கேட்டு நிற்பவர்கள். தொன்மைக் கோரிக்கை மேலே இருப்பவரைக் காக்கத் தோதாக ஓரிடத்தில் தொடங்கி ஓரிடத்தில் முடிகிறது. அதற்கு முந்தியவரும் அதில் இல்லை, பிந்தியவரும் இல்லை. நெசவால் இவ்வட்டாரத்தை வளர்த்த தேவாங்கர், கரிசலில் பருத்தி விளைவித்த தெலுங்கு பேசும் உழவர்கள் ஆகியோரையும் இந்த அளவுகோல் வெளியே நிறுத்திவிடும்.

ருமேனியாவில் டேசியரா, ரோமரா, ஸ்லாவியரா என்று அறிஞர்கள் வழக்காடத் தொடங்கி நெடுங்காலம்வரை அதே மண்ணில் ரோமா மக்கள் அடிமைகளாக இருந்தனர். வடஇந்திய மொழிகளோடு உறவுடைய மொழி பேசும், முன்னோர் இந்தியாவிலிருந்து புறப்பட்ட மக்கள் அவர்கள். வலாக்கியாவில் அவர்கள் அடிமைகளாகக் கொடையளிக்கப்பட்டதற்கான முதல் ஆவணம் 1385ஐச் சேர்ந்தது. மால்டேவியாவிலும் வலாக்கியாவிலும் அடிமை முறை முற்றாக ஒழிந்தது 1855, 1856ஆம் ஆண்டுகளில்தான். ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் மடங்களிலும் பண்ணைகளிலும் உழைத்தவர்கள், தாயகம் யாருடையது என்ற பெரும் விவாதத்தின் எந்தப் பக்கத்திலும் இடம்பெறவில்லை. அருந்ததியரை விட்டுவிட்டுக் கொங்கின் தாயக வரலாற்றை எழுதுகிறவர்கள் அதே தவற்றைச் செய்கிறார்கள்.

10. முடிபு

கொங்கில் சங்ககாலம் முதல் மக்கள் வாழ்க்கை இடையறாது இருந்தது என்பதற்குத் தொல்லியல், இலக்கியம், கல்வெட்டு மூன்றும் வலுவான சான்று தருகின்றன. எந்த ஒரு சாதியும் அந்த முழுக்காலத்துக்கும் தனி வாரிசு என்பதற்குச் சான்று இல்லை. கொங்கு ஒரு தாயகம், அதில் ஐயமில்லை. வெட்டிய கிணறு, அடைத்த வேலி, பகிர்ந்த நீர், தைத்த தோல், நெய்த துணி ஆகியவற்றால் அதைத் தாயகமாக்கியவர்கள் பலர், பல காலங்களில் வந்தவர்கள். ருமேனிய விவாதத்தில் ஆய்வாளர்கள் பலர் இருநூறு ஆண்டுச் சண்டைக்குப் பின் அடைந்த தெளிவை நாம் அவ்வளவு சண்டை இல்லாமலே பெற்றுக்கொள்ளலாம்.

இதற்கு உடனடியாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கொங்கு வேளாளரின் குலவரலாறு, காணிப் பட்டயம், கோயில் உரிமை பற்றி நூல்கள் நிறைய வந்துள்ளன. அருந்ததியர், வேட்டுவர், இருளர், தேவாங்கர் ஆகியோரின் வழிநடை நினைவுகளும் குலதெய்வ வழக்காறுகளும் இணையான உழைப்போடு தொகுக்கப்படவில்லை. கோவை, சூலூர், பல்லடம் வட்டாரக் கல்லூரிகளின் தமிழ்த்துறையும் வரலாற்றுத்துறையும் தம் மாணவர்களை இப்பணிக்கு அனுப்ப வேண்டும். கவலைக்குத் தோல்சால் தைத்த கைகள் சில இன்னும் நம் ஊர்களில் இருக்கின்றன. அவர்கள் எண்பது வயதைக் கடந்தவர்கள்.